ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று வாரம்: நியூசிலாந்து கவுன்சில் தேர்தலின் தபால் ஓட்டுச் சேவை

நியூசிலாந்தில் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றத் தேர்தலுக்கு நாம் பழகிய வாக்குச்சாவடி கிடையாது. புதிதாக வந்த தமிழர்கள் பலருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை மதியம் 12 மணியோடு வாக்களிப்பு முடிகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பே வாக்குச்சீட்டு தபாலில் வீடு தேடி வந்துவிடும். வேட்பாளர்களைப் பற்றிய சிறு புத்தகம், ஸ்டாம்ப் ஒட்டத் தேவையில்லாத திருப்பி அனுப்பும் உறை, எல்லாம் ஒரே கவரில் இருக்கும். சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பி அனுப்பினால் வேலை முடிந்தது.

இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால், பட்டியலில் பெயர் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 40 பேர்தான் அந்த உறையைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆக்லாந்தில் எட்டு கவுன்சில்களை ஒன்றாக்கி 2010இல் நடந்த முதல் தேர்தலில் 51 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2013இல் அது 36க்கு வந்தது. 2019, 2022 இரண்டிலும் 35ஐ ஒட்டி. 2025இல் 30க்கும் கீழே இறங்கிவிட்டது. இதே நாட்டில் 2023 நாடாளுமன்றத் தேர்தலில் 78 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அதே மக்கள்தான், அதே வீடுகள்தான்.

அதனால், "ஜனங்களுக்கு அக்கறை இல்லை" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. 2019, 2022, 2025 என மூன்று முறை இந்தச் சேவையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அக்கறை இருப்பவரையும் வழியில் தவறவிடும்படி இது அமைந்திருக்கிறது.

2019இல் நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், அடுத்த வாரம் இரவு. கவர் வந்தது, திறந்து பார்த்தேன். மேயருக்கும் கவுன்சிலருக்கும் டிக் போட வேண்டும். அப்போது மாவட்ட சுகாதார வாரியத்துக்கும் சேர்த்தே தேர்தல் நடக்கும். அதற்கு டிக் கிடையாது, 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போட வேண்டும். ஒரே கவரில் இரண்டு விதமான ஓட்டு முறை. இருபதுக்கு மேல் பெயர்கள், ஒருவரையும் எனக்குத் தெரியாது. "ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படிச்சுப் போடலாம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். மூன்று ஞாயிறு போயின. பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கவர் கண்ணில் படும். கடைசிச் சனிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்து, "இன்றைக்குத்தானே!" என்று கையில் எடுத்தபோது நேரம் ஆறரை. மதியமே முடிந்துவிட்டது. தபாலில் போடுவதாக இருந்தால் அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமைக்குள் போட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம்தான். ஊரில் கல்லூரி முதலாண்டில் மை வைத்த விரலை வாரக்கணக்கில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தவள் நான். இங்கே குடியுரிமை கூடக் கேட்காமல், நிரந்தர வதிவிட உரிமையும் ஒரு வருடம் தொடர்ந்து வாழ்ந்த கணக்கும் இருந்தால் போதும் என்று ஓட்டுரிமை தருகிறார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சேர்த்து இப்படித் தரும் நாடுகள் உலகத்தில் மிகச் சிலவே. கொடுத்ததை நான் ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்துவிட்டேன்.

அடுத்த தேர்தல் வருவதற்குள் என் மனதை மாற்றியவர், எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பெரியவர். கண்பார்வை மங்கியவர். 2022இல் கவர் வந்த அன்றே என்னைக் கூப்பிட்டு, அந்தப் புத்தகத்தை முழுக்க வாசித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு வேட்பாளரையும் வாசித்து முடித்ததும் ஒரே கேள்விதான்: "தண்ணீர்க் குழாயைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா?" எதற்கு இதையே கேட்கிறீர்கள் என்றேன். அவர் முன்பு ஹேவ்லாக் நார்த்தில் குடியிருந்தவராம்.

2016 ஆகஸ்டில் அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் முதலில் கேட்டேன், பிறகு நானே தேடிப் படித்தேன். பெருமழைக்குப் பிறகு ஆட்டுச் சாணம் கலந்த தண்ணீர் குடிநீர்க் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. சுமார் 14,000 பேர் வாழும் ஊரில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் விழுந்தார்கள். நான்கு மரணங்கள் அந்த நோயோடு தொடர்புடையவை என்று பிறகு சொன்னார்கள். கிருமியின் பெயர் கேம்பிலோபாக்டர். அந்தக் குழாயை நடத்தியது நாடாளுமன்றம் அல்ல, மாவட்ட கவுன்சில். நிலத்தடி நீரைக் காக்க வேண்டியது வட்டார கவுன்சில். இரண்டுமே கடமையில் தவறின என்று அரசு விசாரணை சொன்னது. அந்த இரண்டு கவுன்சில்களுக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது இந்தத் தபால் கவர்தான்.

அவர் டிக் போடுவதை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. முடித்ததும் உறையைத் தானே நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினார். எங்கள் இல்லத்தில் அந்த வாரத்திலேயே பெரும்பாலான பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தபால் என்பது இன்னும் தினசரி வாழ்க்கையின் பகுதி. ஒரே முகவரியில் பல வருடம் இருப்பவர்கள், வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் திறந்து பார்ப்பவர்கள். இந்தச் சேவை அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் ஒழுங்காகப் போடுகிறார்கள், அது நல்லது. மற்றவர்களுக்கு அந்தச் சட்டை ஏன் பொருந்தவில்லை என்பதுதான் என் கேள்வி.

எனக்கு அந்த வருடமும் பொருந்தவில்லை. அந்தக் குளிர்காலத்தில்தான் வாடகை வீடு மாறியிருந்தோம். மின்சாரம், வங்கி, பிள்ளையின் பள்ளி என எல்லா இடத்திலும் முகவரி மாற்றினேன். வாக்காளர் பட்டியலில் மாற்றவில்லை. என் கவர் பழைய வீட்டுக்குப் போய்விட்டது. இதில் தவறு என்னுடையதுதான். ஆனால் வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை முறை வீடு மாறுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சொந்த வீட்டுக்காரருக்கு இந்தச் சிக்கலே வராது.

நல்ல செய்தி, இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. கவர் வராதவர்கள், பட்டியலில் பிந்திப் பெயர் சேர்ப்பவர்கள் எல்லோரும் 'ஸ்பெஷல் வோட்' போடலாம். கவுன்சிலின் தேர்தல் அலுவலரைத் தொடர்புகொண்டால் வேறொரு சீட்டுத் தருவார்கள். அதோடு ஒரு உறுதிமொழிப் படிவமும் உண்டு. ஒருநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போய், படிவம் நிரப்பி, அங்கேயே ஓட்டுப் போட்டு வந்தேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்? கவர் வந்தவர்களுக்கு அதற்குள் இருக்கும் தாளில் விவரம் இருக்கிறது. கவர் வராதவர்களுக்கு அந்தத் தாளும் வராதே!

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். இந்தச் சேவையின் பலவீனமான பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு வேட்பாளரும் 150 சொற்களுக்குள் தன்னைப் பற்றி எழுதலாம். பக்கத்தில் ஒரு படம். 150 சொல் என்பது ஒரு வாட்ஸ்அப் செய்தி அளவு. அதில் பாதி, எத்தனை வருடம் இங்கே வாழ்கிறேன், எத்தனை பேரப்பிள்ளைகள், எந்த விளையாட்டுக் கழகத்தில் இருக்கிறேன் என்பதிலேயே போய்விடுகிறது. மீதியில் 'வீண்செலவைக் குறைப்பேன்', 'மக்களின் குரலைக் கேட்பேன்'. எட்டுப் பேர் எழுதியதை அடுத்தடுத்து வாசித்தால் எந்த வரி யாருடையது என்று சொல்ல முடியாது. கட்சி பார்த்துப் போடலாம் என்றால், பலர் சுயேச்சையாக நிற்கிறார்கள், அல்லது அந்தத் தேர்தலுக்காகவே அமைந்த குழுவின் பெயரில் நிற்கிறார்கள். ஏற்கெனவே கவுன்சிலராக இருப்பவர் கடந்த மூன்று வருடத்தில் எதற்கு ஆதரவாகக் கை தூக்கினார், எதற்கு எதிராக என்று ஒரு வரி இருந்தால் போதும், பாதி வேலை சுலபமாகிவிடும். அந்த ஒரு வரி அதில் இல்லை.

எனக்கு உதவியது பாலிசி.என்இசட் என்ற தளம். முகவரியைக் கொடுத்தால் நம் வார்டில் நிற்பவர்களைக் காட்டும். தண்ணீர், போக்குவரத்து, வீட்டுவசதி என்று தலைப்பு வாரியாக அவர்கள் சொல்வதை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பதில் அனுப்பாத வேட்பாளர்களும் உண்டு. அதுவும் ஒரு தகவல்தான். நான் அரை மணி நேரம் செலவழித்தேன், மேயருக்கும் கவுன்சிலருக்கும் தெளிவு வந்துவிட்டது. ஆக்லாந்தில் கவுன்சிலுக்குக் கீழே பகுதிவாரியாக இருக்கும் லோக்கல் போர்டுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

சரி, 2025. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. செப்டம்பரில் ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, "கவர் வந்துச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"எந்தக் கவர் பிள்ளை? ஓ, அந்தக் கடதாசியே? நான் அது ஏதோ விளம்பரம் எண்டெல்லோ நினைச்சன். நாலு பேருக்கும் வந்து கிடக்கு, ஒருத்தரும் திறக்கேல்ல."

"நாடாளுமன்றத் தேர்தலுக்குப் போனீங்களே?"

"அதுக்குப் போனனாங்கள். பள்ளிக்கூடத்துக்கு எல்லாரும் போகினம், நாங்களும் போவம் எண்டு. இது ஆர் ஆரெண்டு தெரியாமல் எப்பிடிப் புள்ளடி போடுறது?"

அவர் சொன்னதில் எல்லாமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நாடாளுமன்றத் தேர்தலை நடத்துவது தேர்தல் ஆணையம். நாடு முழுக்க ஒரே மாதிரி விளம்பரம், ஒரே மாதிரி ஏற்பாடு. கிட்டத்தட்ட இரண்டு வாரம் முன்பே பள்ளிகளிலும் சமூகக் கூடங்களிலும் போய் ஓட்டுப் போடலாம். தெருவில் எல்லோரும் போவது கண்ணுக்குத் தெரியும். கவுன்சில் தேர்தலில் ஆணையத்தின் வேலை பெரும்பாலும் வாக்காளர் பட்டியலோடு முடிகிறது. மற்றதை அந்தந்தக் கவுன்சிலே பார்க்க வேண்டும். பெரும்பாலானவை அதைத் தனியார் நிறுவனங்களிடம் கொடுத்துவிடுகின்றன. ஓட்டுப் போடும் முறையும் ஊருக்கு ஊர் வேறு: ஆக்லாந்தில் டிக், வெலிங்டனிலும் டுனீடனிலும் எண் வரிசை. பக்கத்து வீட்டுக்காரர் போட்டாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தேர்தல் நடப்பதே கண்ணில் படுவதில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டு மேசையில் உட்கார்ந்தோம். அவர்கள் வீட்டு நாலு கவர், எங்கள் வீட்டு இரண்டு. தளத்தைத் திறந்து, எல்லோருமாக வாசித்தோம். அக்காவின் மகன் பேருந்தில் பல்கலைக்கழகம் போகிறவன். பேருந்து நேர அட்டவணையிலும் நிறுத்தங்களிலும் கவுன்சிலுக்குப் பங்கு உண்டு என்று அவனுக்குத் தெரியவில்லை. "இதை ஏன் யாருமே சொல்லவில்லை?" என்று கேட்டான். நாட்டின் சாலை நீளத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் கவுன்சில்கள் பராமரிக்கும் சாலைகள்தான். நூலகம், நீச்சல்குளம், குப்பை, பூங்கா, வீடு கட்ட அனுமதி, எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு மூலைக்குப் போய் அவரவர் சீட்டை நிரப்பினோம்.

இளையவர்களும் வாடகைக்காரர்களும் போடாததால் என்ன ஆகிறது என்பதை வீட்டுக்கு வந்த துண்டுப் பிரசுரங்களிலேயே பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே ரேட்ஸ் எனப்படும் சொத்துவரியைப் பற்றித்தான் பேசின. வேறு ஊரில் வாழ்பவருக்குக் கூட, இங்கே சொத்து இருந்து ரேட்ஸ் கட்டினால், இந்த ஊர்த் தேர்தலிலும் பெயர் பதிந்து ஓட்டுப் போட வழி இருக்கிறது. சொத்துவரி முக்கியமான விஷயம், மறுக்கவில்லை. வாடகைக்காரரும் அதை வாடகையின் வழியாகக் கட்டத்தான் செய்கிறார். ஆனால் பேருந்துக்காக மழையில் நிற்பவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேட்பாளரைக் குறை சொல்ல முடியுமா? யார் ஓட்டுப் போடுகிறார்களோ அவர்களிடம்தானே பேசுவார். எங்கள் நூலகத்தின் ஞாயிற்றுக்கிழமை நேரத்தைக் குறைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தபோது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் அங்கே போகும் குடும்பங்களில் எத்தனை பேர் வாக்களித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

திருப்பி அனுப்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரங்களில் 2015இலேயே தபால் விநியோகம் வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்துவிட்டது. தெருவோரத் தபால்பெட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. அக்காவின் மகன் தன் வாழ்நாளில் ஒரு கடிதம் கூடத் தபாலில் போட்டதில்லையாம். தபாலே தேய்ந்துகொண்டிருக்கும்போது ஓட்டை அதன் தலையில் ஏற்றினால் எப்படி? இதைச் சமாளிக்கத்தான் 2025 தேர்தலுக்கு வாக்களிக்கும் காலத்தைப் பத்து நாள் நீட்டினார்கள். அப்படியும் ஆக்லாந்தில் எண்ணிக்கை குறைந்ததே தவிரக் கூடவில்லை. நாள் கூடினால், ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் நாளும் கூடும். என்னால் அதை உறுதியாகச் சொல்ல முடியும்.

உண்மையில் உதவியது ஆரஞ்சு நிற வாக்குப் பெட்டிகள். நூலகத்திலும் சூப்பர் மார்க்கெட் வாசலிலும் வைக்கிறார்கள். அக்காவும் நானும் நூலகத்துக்கு நடந்து போய்ப் போட்டோம். பெட்டிக்குள் உறை விழும் சத்தம் கேட்டதும் அக்கா, "இப்பதான் ஓட்டுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சனிக்கிழமை மதியம் வரை இந்தப் பெட்டிகளில் போடலாம், அதனால் செவ்வாய்க் கெடுவைத் தவறவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. எங்கே எங்கே பெட்டி இருக்கிறது என்று கவுன்சில் தளத்தில் பட்டியல் போடுகிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், எனக்கு முழு நம்பிக்கை இல்லை. 2025 தேர்தலில் ஆக்லாந்தின் பாப்பாடோய்டோய் பகுதியில், லோக்கல் போர்டுக்கான வாக்குச்சீட்டுகள் உரியவர்களுக்குத் தெரியாமலே பயன்படுத்தப்பட்டிருந்தது வெளிவந்தது. நீதிமன்றம் அந்த முடிவைச் செல்லாது என்று சொல்லி மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. பூட்டில்லாத வீட்டுத் தபால்பெட்டியில் வாரக்கணக்கில் திறக்காத கவர் கிடந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சான்று. பிடிபட்டது, திருத்தப்பட்டது என்ற வகையில் ஆறுதல்.

மாற்றத்துக்கான யோசனைகள் இல்லாமல் இல்லை. இணையவழி ஓட்டுக்கு 2016இலும் 2018இலும் ஏற்பாடு செய்து, தொடங்காமலே கைவிட்டார்கள். பாதுகாப்பும் செலவும் தடையாக நின்றன. நெல்சன் மேயர் நிக் ஸ்மித் தலைமையில் உள்ளாட்சிகளின் சங்கம் அமைத்த குழு 2025இல், தபாலை விட்டுவிட்டு நேரில் வாக்களிக்கும் முறைக்குப் போகலாம், பொறுப்பைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. நான் இதை மனதார ஆதரிக்கிறேன். அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போனது எல்லோரும் போனதால்தான். அந்த 'எல்லோரும்' கவுன்சில் தேர்தலுக்கும் கண்ணில் பட வேண்டும். இன்னொரு வழியும் பக்கத்திலேயே இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உள்ளாட்சித் தேர்தல் இதே மாதிரி தபாலில்தான் நடக்கிறது. 2022இல் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கினார்கள், 60க்கும் கீழே இருந்த சதவீதம் 80ஐத் தாண்டியது. கட்டாயம் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு, ஆனால் வித்தியாசம் பெரிது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். ஸ்பெஷல் வோட்டுக்கும் ஆரஞ்சுப் பெட்டிக்கும் போனது பெரும்பகுதி. சனிக்கிழமை மாலைக்குள்ளேயே முதற்கட்ட முடிவு வந்துவிடுவதற்குக் கொஞ்சம். புத்தகத்துக்கு ஒன்றுமில்லை. புதிதாகப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரே வழி: கவர் வந்த அன்றே கைப்பைக்குள் வைத்துவிடுங்கள், ஃப்ரிட்ஜில் ஒட்டாதீர்கள். கைப்பையில் இருந்தால் எந்தப் பெட்டியைத் தாண்டிப் போனாலும் போட்டுவிடலாம்.

அந்தச் சனிக்கிழமை மாலை முதற்கட்ட முடிவைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் லோக்கல் போர்டின் கடைசி இடத்தில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம், எங்கள் தெருவில் இருக்கும் வீடுகளை விடக் குறைவு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் மகன் கத்தினான்: "அன்ரி, நான் போட்டவர் முன்னுக்கு நிக்கிறார்!" இப்போதுள்ள சட்டப்படி அடுத்த தேர்தல் 2028 அக்டோபர் 14. என் மகளுக்கு அதற்குள் பதினெட்டு முடிந்திருக்கும். போன மாதம் மறுபடி வீடு மாறினோம். பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்னாலேயே வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றிவிட்டேன்.